கால்வாய்க்குள் யார் இறங்குவது?

அத்தியாயம் 14

கல்யாணம் பேச வருகிறவர்களை யாராவது குப்பை அள்ளும் இடத்தில் வைத்துச் சந்திப்பார்களா? அம்சாவுக்கு முதலிலிருந்தே அது பிடிக்கவில்லை. ஆனால் மகள் திரிஷாவின் ஏற்பாடு.

"மா, யுவன் அம்மாதான் நம்ம வார்டு கவுன்சிலர். கன்னு நடறதுக்கு அவங்க எப்படியும் பார்க்குக்கு வரணும். வேல முடிஞ்சதும் அப்படியே நம்ம வூட்டுக்கு சாப்பிட வந்துடுவாங்க. நீயும் அப்பாவும் செத்த நேரம் வந்து நில்லுங்க, போதும்."

திரிஷா யுவனை விரும்புகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து அந்த வீட்டில் வேறு பேச்சு இல்லை. யுவனின் அப்பா கோதண்டபாணிக்கு மாகறல் பக்கம் நிலபுலன் உண்டு. சத்யராஜைப் பெற்றவர்கள் அந்த நிலத்தில்தான் நாற்று நட்டார்கள். அந்த வீட்டு வாசலுக்கு வெளியே நின்றுதான் கூலி வாங்கினார்கள்.

அதெல்லாம் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. சத்யராஜ் இன்று ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் சூப்பர்வைசர். அம்சா ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். செவிலிமேட்டில் சொந்த வீடு. திரிஷா பள்ளிக்கூடத்தில் டீச்சர். கோதண்டபாணியும் டவுனுக்கு வந்து, கல்யாண மண்டபம் கட்டி, கட்சியில் பதவி பிடித்து, மனைவி தேவகியைக் கவுன்சிலராக்கிவிட்டார்.

"காலம் மாறிப்போச்சு. புள்ளைங்க ஆசப்பட்டா நாம இன்னா பண்றது" என்று போன வாரம் அவரே போனில் சொன்ன பிறகுதான் சத்யராஜுக்குச் சோறு இறங்கியது.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், இஸ்திரி போட்ட சந்தன நிற பேன்ட்டும் வெள்ளைச் சட்டையுமாகக் கணவர் கண்ணாடி முன்னால் நின்று, "வாங்க சம்பந்தி" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்ததை அம்சா கண்டும் காணாததுபோல் இருந்தாள்.

பூங்காவுக்குள் நுழைந்ததுமே நாற்றம் முகத்தில் அறைந்தது.

திரிஷாவும் அவள் சேர்த்த வாலண்டியர்களும் ஞாயிறு தவறாமல் வந்து உயிர் கொடுத்த இடம் அது. உடைந்த பாட்டில்களைப் பொறுக்கி, கருவேலத்தை வெட்டி, புங்கையும் நீர்மருதும் நட்டு வளர்த்தார்கள். கோடியில் ஒரு குட்டை. மழைத்தண்ணீர் பின்பக்கக் கால்வாய் வழியாக அதில் வந்து சேரும். தை மாதத்தில் முக்குளிப்பான் பறவை ஜோடி ஒன்று அங்கே குஞ்சு பொரித்திருந்தது. தாயின் முதுகில் குஞ்சு சவாரி போனதைக் காட்டுவதற்காக, டியூட்டி முடிந்து வந்த அம்சாவைச் சேலைகூட மாற்றவிடாமல் இழுத்துக்கொண்டு வந்தாள் திரிஷா.

இப்போது அந்தக் குட்டையில் ஜிலேபி மீன்கள் வயிறு வெளுத்து மிதந்தன. யாரோ கால்வாயில் மூட்டை மூட்டையாகக் கழிவைக் கொட்டுகிறார்கள். யாரென்று தெரியவில்லை. "நான் கண்டுபுடிச்சுத் தரேன்" என்று யுவன் வாக்குக் கொடுத்திருந்தான். அவனும் வாலண்டியர்தான். ஒவ்வொரு ஞாயிறும் திரிஷாவுக்குப் பக்கத்தில் நின்று குப்பை பொறுக்குகிறவன். காதல் வந்ததே அப்படித்தான்.

வெள்ளைக் கார் வந்து நின்றது. கோதண்டபாணி இறங்கினார். பின்னாலேயே பட்டுப்புடவையில் தேவகி, அவளுக்குப் பின்னால் யுவன். நாலைந்து கட்சிக்காரர்கள்.

"வாங்க சம்ப..." என்று சத்யராஜ் ஆரம்பித்தார்.

"இன்னாப்பா சத்யராஜு, நல்லாகீறியா?" என்று அவர் தோளைத் தட்டிவிட்டுக் கோதண்டபாணி முன்னால் நடந்தார். இருவருக்கும் ஒரே வயதுதான்.

சம்பந்தி என்ற வார்த்தை சத்யராஜின் வாயிலேயே நின்றுபோனது. அம்சா அதைப் பார்த்தாள். சரி, பழகப் பழக வரும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

ஒரே ஒரு நாவல் கன்றை ஏழு பேர் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றார்கள். குழிக்குள் வைத்து மண்ணையும் தள்ளினார்கள். வேரைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பையைக் கிழிக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எல்லாரும் டீயும் வடையும் சாப்பிடப் போன பிறகு திரிஷா மண்டியிட்டு, கன்றை வெளியே எடுத்து, பையைக் கிழித்துவிட்டு மறுபடி நட்டாள். தேவகி மெதுவடை இரண்டைச் சட்னியில் முக்கிச் சாப்பிட்டாள். அம்சா டிஷ்யூ எடுத்துக் கொடுத்தாள்.

"இப்ப கால்வாய் அடைப்ப எடுக்கணும். எல்லாரும் வாங்க" என்று திரிஷா கூப்பிட்டாள். "நான் போயி மம்முட்டி எடுத்துக்கினு வரேன்."

எல்லாரும் பின்பக்கம் போனார்கள். போனவர்கள் அத்தனை பேரும் ஓர் அடி பின்வாங்கினார்கள்.

தண்ணீர் என்று அதைச் சொல்ல முடியாது. கறுத்து, கொழகொழவென்று, மேலே மஞ்சள் நுரை கட்டியிருந்தது. வீங்கிய மூட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சொருகிக் கிடந்தன. ஒரு மூட்டையின் வாயிலிருந்து வெள்ளைப் புழுக்கள் அரிசி கொதிப்பதுபோல் நெளிந்து நெளிந்து விழுந்தன. இருபது வருஷம் புண் கழுவியவள் அம்சா. அழுகிய காலைப் பார்த்தாலும் அவளுக்கு முகம் சுளிக்காது. நோயாளியின் உடம்பு பாவம், அது என்ன செய்யும். ஆனால் இது யாரோ வேண்டுமென்றே கொண்டுவந்து கொட்டியது. அவளுக்குக் குமட்டியது.

தேவகி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கட்சிக்காரர்களில் ஒருவன் ஓரமாகப் போய் ஓங்கரித்தான்.

கோதண்டபாணி சுற்றிலும் பார்த்தார். அவர் பார்வை சத்யராஜிடம் வந்து நின்றது.

"சத்யராஜு, நீ எறங்குப்பா. நம்ம பசங்களுக்கு இதெல்லாம் ஒத்துக்காது. உங்களுக்குப் பழக்கம்தான?"

கோபமாகச் சொல்லவில்லை. இளக்காரமாகவும் சொல்லவில்லை. தண்ணீர் கொண்டுவா என்பதுபோல் சாதாரணமாகச் சொன்னார். அந்தச் சாதாரணத்தைத்தான் அம்சாவால் தாங்க முடியவில்லை.

சத்யராஜ் ஒரு கணம் நின்றார். பிறகு சிரித்தார். குனிந்து, சந்தன நிற பேன்ட்டை மடிக்க ஆரம்பித்தார்.

அம்சா யுவனைப் பார்த்தாள். இப்போது பேசுவான். 'அப்பா, இன்னாப்பா பேசறே' என்று ஒரு வார்த்தை சொல்லுவான். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

யுவன் பையிலிருந்து ஒரு ஜோடி ரப்பர் கையுறையை எடுத்தான். அக்கறையாகச் சத்யராஜிடம் நீட்டினான்.

"அங்கிள், கிளவுஸ் போட்டுக்கினு எறங்குங்க. கண்ணாடி கிண்ணாடி கெடக்கும். ஜாக்ரத."

அம்சாவின் வாயில் புளித்த நீர் ஊறியது. 'மேல வாங்க' என்று கத்த நினைத்தாள். மகளின் வாழ்க்கை என்ற எண்ணம் நாக்கைப் பிடித்து இழுத்தது. அந்த நேரத்துக்குள் சத்யராஜ் முழங்கால் ஆழத்தில் நின்றார்.

மண்வெட்டிகளோடு திரும்பி வந்த திரிஷா, கரையில் நின்ற கூட்டத்தையும் உள்ளே நின்ற ஒற்றை ஆளையும் பார்த்தாள்.

"அப்பா, நீ மட்டும் இன்னாத்துக்கு எறங்கின?"

"பரவால்லமா. சீக்கிரம் முடிஞ்சுடும்."

"அவருக்குப் பழக்கம்தாம்மா" என்றார் கோதண்டபாணி. "அவங்கப்பா காலத்துல எங்க வூட்ல மாடு செத்தா அவங்கதான் வந்து தூக்கிக்கினு போவாங்க. கேட்டுப் பாரு."

திரிஷா யுவனைப் பார்த்தாள். யுவன் தன் ஷூவைப் பார்த்தான்.

அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கால்வாய்க்குள் இறங்கினாள். "நீ ஏறுமா, நீ ஏறு" என்று சத்யராஜ் பதறினார். அவள் அப்பாவுக்கு எதிர்ப்பக்கம் போய் மூட்டையின் காதைப் பிடித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்துக் கரையில் போட்டார்கள். மூட்டை வெடித்துப் பிரிந்தது.

எச்சில் இலைகள். ஊசிப்போன சாம்பார் சாதம். கோழி எலும்பு. பேப்பர் கப்புகள். அவற்றோடு மஞ்சள் மஞ்சளாகத் தாம்பூலப் பைகள். சேறு படிந்த ஒரு பையைச் சங்கரி குச்சியால் புரட்டினாள். அவள் திரிஷாவின் சிநேகிதி. குழுவின் இணையப் பக்கத்தில் போடுவதற்காகக் காலையிலிருந்து எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

மணமக்கள் பெயர். கீழே, இடம்: தேவகி மஹால்.

இரண்டாவது மூட்டையிலும் அதேதான். வேறு மணமக்கள், அதே மண்டபம்.

அந்தப் பெயருக்குரியவள் முந்தானையை மூக்கிலிருந்து எடுக்காமலே தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"எவனோ விருந்துக்கு வந்தவன் வீசிட்டுப் போயிருப்பான்" என்றார் கோதண்டபாணி. பிறகு சங்கரியைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "ஏ பொண்ணு, போன உள்ள வை."

திரிஷா கால்வாய்க்குள் நின்றபடியே கேட்டாள். "யுவன், மண்டபத்த நீதான பாத்துக்கறே. உனக்குத் தெரியுமா?"

"திரிஷா, அப்பால பேசலாம்."

"தெரியுமா, தெரியாதா?"

"குப்ப வண்டி ஒழுங்கா வரதில்ல. முகூர்த்த நாள்ல அவ்ளோ இலைய எங்க வச்சுக்கறது? டிரைவர் எங்கியோ கொண்டுபோயி..." அவன் நிறுத்தினான். "தெரியும். அப்பாகிட்ட நான் எப்படி சொல்றது?"

அம்சா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாரம் முழுக்கத் தன் வீட்டு எச்சிலை இங்கே கொட்டவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து அதையே பொறுக்குகிறான். பொறுக்கிவிட்டு அவள் மகளோடு உட்கார்ந்து பன் பட்டர் சாப்பிட்டிருக்கிறான். இவனா? இந்தப் பிள்ளைக்காகவா தன் புருஷன் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகினார்?

அவள் கால்வாய் ஓரத்துக்குப் போய்க் கையை நீட்டினாள்.

"ஏங்க, மேல வாங்க. திரிஷா, நீயும் ஏறு. போலாம்."

வீட்டில் சத்யராஜ் இரண்டு தடவை குளித்தார். மூன்றாம் தடவை குளியலறைக் கதவைத் தாழிட்டபோது அம்சா கதவைத் தட்டினாள்.

"போதும், வெளிய வாங்க. தோலு உரிஞ்சுடும்."

"நாத்தம் போவலயே, அம்சா."

சமையலறையில் விருந்துக்குச் செய்த பிரியாணி அண்டாவில் இருந்தது. மூடியைத் திறந்தாள். கிராம்பு வாசனைக்கு அடியிலிருந்து அந்தக் கால்வாய் எழுந்து வந்தது. மூடிவிட்டாள்.

திரிஷா அறைக்குள் போனவள் வெளியே வரவில்லை. சத்யராஜ் ஈரத் தலையோடு கூடத்தில் உட்கார்ந்தார்.

"நான் எறங்கினா இன்னா இப்ப?" என்றார் திடீரென்று. "கால் கழுவினா போச்சு. அந்தப் புள்ள இவள நல்லா வச்சுக்குவான். ஒரு வார்த்தைக்காக எல்லாத்தயும் ஒடைச்சுடாத அம்சா."

"அந்த வார்த்த உங்களுக்கு வலிக்கலயா?"

"வலிக்காம? எங்கப்பா இதவிட மோசமா கேட்டவரு. நம்ம பொண்ணு அந்த வூட்டுக்குள்ள மருமவளா போறா பாரு, அதுக்கு மேல இன்னா வேணும்?"

அம்சாவுக்கு அவர்மேலும் அருவருப்பு வந்தது. வந்த உடனே அது அவளுக்கே சுட்டது. அவர் சிரித்துக்கொண்டு பேன்ட்டை மடித்தாரே, அந்தச் சிரிப்பு யாருக்காக என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், அதை நினைக்கும்போது எங்காவது போய் வாயைக் கொப்பளிக்கவேண்டும்போல் இருந்தது.

வாசலில் ஆட்டோ நின்றது. தேவகி தனியாக இறங்கினாள்.

கூடத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். அம்சா கடமைக்கு ஒரு தட்டில் பிரியாணி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

"ஐயோ, இன்னிக்கு எனக்குக் கிருத்திக வெரதம் அம்சா. பச்சத் தண்ணி கூடக் கெடயாது."

இரண்டு மெதுவடையும் சட்னியும் அம்சாவின் கண்முன் வந்து போயின. தட்டை எடுத்துக்கொண்டு போய் உள்ளே வைத்தாள்.

"அவரு பேசினத மனசுல வச்சுக்காதீங்க. அவரு வாயி அப்படி" என்றாள் தேவகி. "எனக்கு மட்டும் புடிச்சா இருக்குது? கவுன்சிலர்னு போர்டுல பேரு இருக்குது, மண்டபத்துல பேரு இருக்குது. எதுல என் பேச்சு எடுபடுது? அத வுடுங்க. வர்ற வெள்ளிக்கிழம நிச்சயம் வச்சுக்கலாம்னு சொல்லச் சொன்னாரு."

சத்யராஜ் நிமிர்ந்தார்.

"அந்தப் பொண்ணு சங்கரி எடுத்த வீடியோவ மட்டும் அழிச்சுடச் சொல்லுங்க. வெளிய வந்தா கட்சியில அவருக்குக் கஷ்டம். அவ்ளோதான்."

அவ்வளவுதானாம். அம்சாவுக்கு உடம்பு கூசியது. ஒரு மூட்டைக் குப்பையை மூடி வைக்க ஒரு கல்யாணம்.

பின்னால் கதவு திறந்தது. திரிஷா வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது, குரல் உடையவில்லை.

"ஆன்ட்டி, வீடியோவ நாங்க யாருக்கும் அனுப்பல. ஆனா அழிக்கவும் மாட்டோம். யுவன எறங்கி அள்ளச் சொல்லுங்க. எங்கப்பா நின்ன எடத்துல நின்னு அள்ளட்டும். நிச்சயத்தப் பத்தி அப்பால பேசலாம்."

"அவனா?" தேவகியின் உதடு சுழித்தது. "அந்தச் சாக்கடையிலயா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்பது அவளுக்கே உறைத்தது. சத்யராஜை நிமிர்ந்து பார்க்க முடியாமல் எழுந்தாள். ஆட்டோ இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தது.

அவள் போன பிறகு சத்யராஜ் மகளைத் திட்டவில்லை. சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "இன்னா சொன்னா, கேட்டியா? அந்தச் சாக்கடையிலயான்னு கேட்டா" என்று மட்டும் சொன்னார்.

வெயில் தாழ்ந்ததும் சங்கரியிடமிருந்து அம்சாவுக்கு போன் வந்தது.

"ஆன்ட்டி, யுவன் கால்வாய்ல எறங்கி அள்ளிக்கினு இருக்காராம்!"

திரிஷா தூங்கிக்கொண்டிருந்தாள். நிஜமாகத்தான் இருக்குமா? அம்சா மகளை எழுப்பவில்லை. கணவரிடம் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். போகிற வழியில் அவள் மனம் அவளை மீறி இளகியது. சின்னப் பிள்ளைதானே. அப்பாவுக்குப் பயந்தவன். திருந்தினால் திருந்தட்டுமே.

யுவன் உண்மையிலேயே முழங்கால் ஆழத்தில் நின்றான். கையில் மண்வெட்டி. சட்டையெல்லாம் சேறு.

கரையில் ஸ்டாண்டு போட்டு ஒரு கேமரா நின்றது. ஓர் ஆள் வெள்ளை அட்டையைப் பிடித்து யுவனின் முகத்தில் வெளிச்சம் விழவைத்துக்கொண்டிருந்தான். கோதண்டபாணி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"மம்முட்டிய இன்னும் கொஞ்சம் ஒசரத் தூக்குடா. மூஞ்சி தெரியட்டும். தூய்மைக்காகத் தானே களத்துல எறங்கின எளைஞர்னு போடலாம்."

மூட்டைகளைக் காணவில்லை. பிரிந்து கிடந்த மஞ்சள் பைகளையும் காணவில்லை. யாரோ ஏற்கெனவே வந்து வாரிக்கொண்டு போயிருந்தார்கள். காலையில் அடைத்துக் கிடந்த இடத்தில் லாரித் தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தது. யுவன் அள்ளிக்கொண்டிருந்தது சுத்தமான சேறு.

அம்சாவின் அடிவயிற்றிலிருந்து காலையில் வராத வாந்தி இப்போது தொண்டைவரை வந்தது. புழுவைப் பார்த்தபோதுகூட இப்படி இல்லை.

"அம்மா, ஃபிரேம்ல நிக்கறீங்க. கொஞ்சம் தள்ளுங்க" என்றான் கேமராக்காரன்.

அவள் திரும்பிப் பூங்கா வாசல்வரை வந்தபோது ஸ்கூட்டி வந்து நின்றது. திரிஷா. தலைகூட வாரவில்லை. ஆனால் காலையிலிருந்து செத்துக் கிடந்த முகத்தில் ஓர் உயிர்.

"அப்பா சொன்னாரு. எறங்கிட்டானாமேம்மா?"

அம்சா கேட்டை அடைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே போகவேண்டாம் என்று சொல்லலாம். நான் பார்த்துவிட்டேன், நீ பார்க்காதே என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகலாம். ஆனால் அவள் சொன்னதை வைத்து மகள் முடிவெடுத்தால், அந்த முடிவு எத்தனை நாள் நிற்கும்?

வழியை விட்டு ஒதுங்கினாள்.

"போ. உன் கண்ணால பாத்துக்கோ."

திரிஷா உள்ளே போனாள். அம்சாவும் பின்னாலேயே போனாள். கேமராவையும் வெள்ளை அட்டையையும் கழுவிய கரையையும் திரிஷா ஒவ்வொன்றாகப் பார்ப்பது, அவள் முதுகு விறைப்பதிலிருந்தே தெரிந்தது.

யுவன் அவளைப் பார்த்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கரை ஓரத்துக்கு வந்தான். சேற்றுக் கையை மேலே நீட்டினான். "திரிஷா, நீ சொன்ன மாதிரியே எறங்கிட்டேன் பாரு. தூக்கி வுடு."

"சூப்பர் சிஸ்டர், அப்படியே கையப் புடிங்க" என்றான் கேமராக்காரன்.

திரிஷா கையைக் கொடுக்கவில்லை. குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கிறமாதிரி பேசினாள். பக்கத்தில் நின்ற அம்சாவுக்கும் கேட்டது.

"மூட்டைங்க எங்க போச்சுன்னு சொல்லு. இந்த கேமரா முன்னாடியே, அது உங்க மண்டபத்துக் குப்பைன்னு சொல்லு. சொன்னா கையத் தரேன்."

நீட்டிய கை நீட்டியபடியே இருக்க, யுவன் மெல்லத் தலையைத் திருப்பி நாற்காலியில் இருந்த அப்பாவைப் பார்த்தான்.